ஓடுவதை நிறுத்தாமல்

இரவு பத்தேகாலுக்குத் தம்புசாமி கூப்பிட்டார்,
மூணாறு தலைப்பிலிருந்து.
"செசிந்தா பாப்பா, ஒம் பொட்டி செத்துப்போச்சு.
சாயந்தரத்துலேர்ந்து கோரையாறு நாலே முக்கால்லயே நிக்குது.
எங்கண்ணுக்குத் தண்ணி ஏறுற மாதிரி இருக்கு."

பொட்டி என்று அவர் சொல்வது
ஆபீஸ் கணினித் திரையின் வலது மூலையில்
தீப்பெட்டியளவு நான் ஒட்டிவைத்த கட்டம்:
வெண்ணாறு, கோரையாறு, பாமனியாறு,
மூன்று எண்கள், கீழே ஒரு கோடு.
தண்ணீர் திறந்த நாளிலிருந்து அணையாமல் ஓடுகிறது.
ஆற்றையும் ஓடுகிறது என்றுதான் சொல்கிறோம் இங்கே,
புரோகிராமையும்.

மவுஸை ஆட்டிப் பாருங்களேன் என்றேன்.
அதன் வயரை எலி தின்றுவிட்டதாம்.
இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டார்.

ஏ.இ. சாரிடம் போயிருந்தால்
ஆஃப் பண்ணி ஆன் பண்ணு என்றிருப்பார்.
ஜெனரேட்டருக்கும் காய்ச்சலுக்கும்
அவரிடம் இருப்பது அந்த ஒரே மாத்திரை.
ஆனால் அந்தக் கோடு
கட்டத்தின் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறது.
கோப்பில் சேமிக்க நான் இன்னும் எழுதவில்லை, சோம்பல்.
போன ஆடியில் ஒரு தடவை
நிறுத்து என்று தவறி அடித்து
பதினெட்டு நாள் தண்ணீரைத் துடைத்துவிட்டேன்.
ஆறு கண்டுகொள்ளவில்லை.
எனக்குத்தான் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

வலங்கைமானில், கொசுவலைக்குள்,
மடிக்கணினியைத் திறக்கிறேன்.
கறுப்பு ஜன்னல். துடிக்கிற ஒரு வெள்ளைக் கோடு.
யார் யார் விழித்திருக்கிறீர்கள் என்று கேட்டால்
வரிசையாகப் பெயர் வருகிறது:
கடிகாரம்,
பொங்கலுக்கு முன்பே செத்த பிரிண்டருக்கு
இன்னும் காவலிருக்கும் ஒன்று,
என்னவென்றே தெரியாத நாற்பது பேர்,
அப்புறம் என்னுடையது, எண் 2216.
உயிரோடுதான் இருக்கிறது.

ஓடுகிறதைத் தோளைப் பிடித்து இழுக்கக் கூடாது.
ஷட்டர் மேல் நிற்கும் ஆளுக்குக்
கரையிலிருந்து டார்ச்சை இரண்டு தரம் காட்டுவதுபோல
பெயர் சொல்லி, ஒரே ஒரு வார்த்தை.

புதுப்பி.

பதில் இல்லை.
கறுப்பு ஜன்னலின் வழக்கம் அது:
தப்பு செய்தால்தான் வாய் திறக்கும்.
சொன்னபடி நடந்துவிட்டால்
வெள்ளைக் கோடு மறுபடி துடிக்கும், அவ்வளவுதான்.
என் மாமியார் இதற்கு நேரெதிர்.

போனுக்குள் தவளைகள்.
படியேறும் செருப்புச் சத்தம்.
"மாறிடுச்சு பாப்பா. அஞ்சு புள்ளி ஒண்ணு."

சரி, இன்னும் கொஞ்சம் என்று
எழுத்தைப் பெரிதாக்கு என்கிறேன். நடுவே வா என்கிறேன்.
நான் பார்க்க முடியாத அறையில்
நான் பார்க்க முடியாத கட்டம்
நகர்ந்து போய் நடுவில் நிற்கிறது.
"பாலத்துலேர்ந்தே தெரியுதே!" என்கிறார்,
கண் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கி வைத்திருப்பவர்.

அந்தச் சந்தோஷத்தில் விரல் வழுக்கி
மறை என்று அடித்துவிட்டேன்.
"பாப்பா, காணும்! ஒண்ணுமே காணும்!"

வயிறு கலங்கியது. வரிசையைத் திரும்பக் கேட்டேன்.
2216, அங்கேயேதான்.
மாசியில் மணலுக்கடியில் போகிற வெண்ணாறுபோல
கண்ணுக்குத் தெரியாமல்
எண்ணிக்கொண்டேதான் இருந்திருக்கிறது.
காட்டு.
வந்தது.

பதினொன்றுக்கு ஏ.இ. சார் உத்தரவு கொடுத்தாராம்,
கோரையாற்றில் ரெண்டு ஷட்டரை அரையடி இறக்க.
தம்புசாமி போனை வைத்துவிட்டார். இரண்டு கையும் வேண்டும் அதற்கு.

நான் கட்டத்திடம் கேட்டபடி இருந்தேன்.
சொல்.
5.1
சொல்.
5.1
இருட்டில் பல்சக்கரத்தில் கிரீஸ் நாற்றம், கைப்பிடி,
அவர் மூச்சு, எதுவும் அதற்குத் தெரியாது.
சொல்.
5.0

நாளைக்குக் கட்டாயம்
அந்தக் கோட்டைக் கோப்பில் சேமிக்க ஒரு கட்டளை எழுத வேண்டும்.
போன ஆடியிலும்
இதையேதான் சொல்லிக்கொண்டு படுத்தேன்.