வழிவலை

எங்கள் அண்ணன் கேப்டன் சௌரிராஜனுக்குத்
தோளில் நான்கு தங்கக் கோடு.
என் ஃபைபர் படகில் ஏறினால்
முகத்துவாரம் தாண்டுமுன் வாந்தி.
"சின்னது ஆடுதுடா" என்பான்,
முப்பத்தாறு வருஷம் கடலில் இருந்தவன்.

கேடட்டாகப் போக
அம்மா கழுத்தில் கிடந்தது போனது.
ஒன்றரை வருஷம் துரு சுரண்டினான்.
பம்பாயில் பரீட்சை, மறுபடி பரீட்சை.
தேர்ட் ஆபீசர், செகண்ட், சீஃப் என்று
படிக்கொரு போட்டோ வரும்,
பின்புறம் துறைமுகத்தின் பேரோடு:
சாண்டோஸ். டர்பன். ராஸ் தனூரா.
அப்பா சாவுக்கு வந்து சேர்ந்தபோது
கருமாதி முடிந்து பந்தல் பிரித்தாகிவிட்டது.
கால் நட்ட குழிகளை
ஒவ்வொன்றாய்ச் செருப்பால் மூடினான்.

பெருமாள் எங்களூர்க் கடலாடிப் போன
பத்தாம் நாள்
அவன் கப்பலே வந்தது, வாஞ்சூருக்கு.
ஐம்பதாயிரம் டன் நிலக்கரி.
பட்டினச்சேரி மொத்தமும் கரையில் நின்று
அதன் விளக்குகளை எண்ணியதாம்.
நான் எண்ணவில்லை.

முந்தின ராத்திரி, வாடை ஓய்ந்திருந்தது,
பதினெட்டுப் பாகத்தில் வலை விட்டு
நீவாட்டோடு போய்க்கொண்டிருந்தேன்.
நிலா இன்னும் ஏறவில்லை.
கிழக்கே ஓர் இருட்டு உயர்ந்து
நட்சத்திரங்களை அணைத்துக்கொண்டே வந்தது.
டார்ச் அடித்தேன்.
கைலியை டீசலில் நனைத்துக் கொளுத்திக் காட்டினேன்.
கொஞ்சம் திரும்பியது.
கொஞ்சம்தான்.
படகு தப்பியது, வலை போச்சு.
பின்பக்க விளக்கில் வெள்ளை எழுத்து.
ஐந்தாம் வகுப்பு இங்கிலீஷில்
கூட்டிக் கூட்டிப் படித்தேன்:
போனில் அவன் சொல்லியிருந்த அதே பேர்.

வீட்டில், பாரில் சிக்கிக் கிழிந்தது என்றேன்.

ஏஜெண்டு காரில் இரண்டு மணி நேரத்துக்கு வந்தான்.
இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை.
காலா மீன் குழம்பைத்
தலை நிமிராமல் தின்றான்.
கிளம்பும்போது என் பையில் ஒரு கவர் செருகி
"வலைக்கு" என்றான்.
வலையைப் பற்றி அவனிடம்
யாரும் வாய் திறந்திருக்கவில்லை.

ஓய்வு பெற்று வந்த முதல் மாதம்
தகரம் வாங்கி, தானே வெட்டி,
மூலைக்கு மூலை மடித்து
எட்டுப் பள்ளமாய் ஒன்று செய்தான்.
என் படகுக் கம்பத்தில் ஏறிக் கட்டினான்.
பெரிய துறைமுகங்களை அதட்டிய கை
கம்பி முறுக்கத் தெரியாமல் ரத்தம் கசிந்தது.
"இது இருந்தா ரேடார்ல பெரிசாத் தெரிவே."

சும்மா இருந்திருக்கலாம். கேட்டுவிட்டேன்:
"அன்னைக்கு எம்மாம் பெரிசுண்ணே தெரிஞ்சேன்?"

படகின் விளிம்பைப் பிடித்துக் குனிந்தான்.
காலையில் தின்றதெல்லாம் வந்தது.

திருமலைராஜன் ஆறு
அன்று ஒரு பொட்டு ஆடவில்லை.
படகும் கட்டித்தான் கிடந்தது.