போக ஒன்று, வர ஒன்று

"ரெண்டு மணி நேரம் எங்கயாச்சும் போயிட்டு வாங்க"
என்றார் பக்கத்து வீட்டு ஜெய்த்தூன் அக்கா.
எங்கே என்று சொல்லவில்லை.

பதினான்கு மாதமாக நான் போன இடங்கள்:
மருந்துக்கடை, ரேஷன் கடை,
பெரியாஸ்பத்திரி வராந்தா,
காய்ந்த துணி எடுக்க மொட்டைமாடி.

செருப்பைத் தேடியபோது
திருட்டுக்குக் கிளம்புகிறவன் மாதிரி இருந்தது.
அரசி இடது கையை ஆட்டினாள்,
கோழியை விரட்டுவது போல. போ, போ.

சான்றிதழில் மங்கையர்க்கரசி.
எனக்கு அரசி.
பன்னிரண்டுக்கு ஒரு தரம், இரண்டுக்கு ஒரு தரம்,
நாலுக்கு ஒரு தரம்
பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டிய அரசி.
இப்போதெல்லாம் அலாரத்துக்கு முன்பே விழித்துவிடுகிறேன்.
செல்லூரில் எந்தத் தறி எத்தனை மணிக்கு நிற்கும்,
பால்காரர் எந்த வாசலில் பாக்கிக்காகச் சண்டை போடுவார்,
எல்லாம் எனக்குத் தெரியும்.
தூங்கா நகரம் என்று பெருமையாகச் சொல்வார்கள்.
சொல்பவர்கள் தூங்கி எழுந்தவர்கள்.

போன வாரம் மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டேன்,
காலையில் தரவேண்டியதை ராத்திரியில்.
நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.
அதற்கு முந்தின நாள்
கஞ்சி சிந்தியதற்குக் கத்தினேன்.
அது ஒன்றும் ஆகாமல் போகவில்லை.
சுவர் தாண்டி அக்காவுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

கோரிப்பாளையம் வரை நடந்தேன்.
டீ குடிக்க நின்றவன்
அழகர்கோயில் போர்டு போட்ட பஸ்ஸில் ஏறிவிட்டேன்.
சாமி கும்பிட அல்ல.
ஜன்னலோரம் காலியாக இருந்தது, அவ்வளவுதான்.

புதூர் தாண்டியது நினைவிருக்கிறது.
அப்புறம் மலை வந்ததா,
யார் இறங்கினார்கள், யார் ஏறினார்கள்,
கிணற்றில் போட்ட கல்.

கண் திறந்தால் மறுபடியும் கோரிப்பாளையம்.
வண்டி கிளம்பவே இல்லையோ என்று நினைத்தேன்.
"போயிட்டுத் திரும்பியாச்சுண்ணே.
கடைசி ஸ்டாப்புல ரெண்டு தரம் கூப்பிட்டேன்.
அப்புறம் எழுப்ப மனசு வரல."
சட்டைப்பையில் இரண்டு டிக்கெட்.
போக ஒன்று நான் வாங்கியது.
வர ஒன்று கண்டக்டரே வைத்தது.
காசு நீட்டினேன்.
வாங்கிக்கொண்டு சில்லறையைச் சரியாகத் திருப்பித் தந்தார்.
அதுவும் பிடித்திருந்தது.

முக்கால் மணி நேரம் தாமதம்.
ஓடினேன்,
ஒவ்வொரு கரண்டுக் கம்பத்துக்கும்
ஒரு கெட்டது நினைத்துக்கொண்டே.

வீட்டில் இருவரும்
டிவியில் ஒரு மாமியாரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்,
அக்கா வாயால், அரசி கையால்.
நானில்லாத வீடு நன்றாகத்தான் இருந்தது.
முதலில் அது சுருக்கென்றது.
தண்ணீர் குடித்தபின் சரியாகிவிட்டது.

தலையணையைச் சரிசெய்யக் குனிந்தபோது
என் கன்னத்தைத் தொட்டாள்.
ஜன்னல் கம்பி பதிந்த கோடு.
காதுப்பக்கமிருந்து வாய்வரைக்கும்
அதன்மேல் மெதுவாக விரலை ஓட்டினாள்.
"தூங்… னியா" என்றாள்.
ஒரு சொல்லுக்கு அவளுக்கு அவ்வளவு நேரம் ஆகிறது.
சொல்லி முடித்துச் சிரித்தாள், வாயின் பாதியால்.

அடுத்த மாதம் வரைக்கும் காலண்டரில்
வியாழக்கிழமைகளையெல்லாம்
அக்கா பென்சிலால் சுழித்துவிட்டுப் போயிருந்தார்.
நான் அழிக்கவில்லை.