மைக் பிடித்தவன்

தங்கச்சிமடம் கல்யாண மண்டபத்தில்
அரசு ஆஸ்பத்திரியைக் கம்பெனிக்கு விடுவது பற்றிக்
கருத்துக் கேட்டார்கள்.
மேடையில் மூன்று அதிகாரிகள், நான்கு மின்விசிறி.
கீழே நாங்கள்.

நான் கோயில்பிள்ளை.
மணியடிப்பேன், மெழுகுவத்தி தீர்ந்தால் சொல்வேன்,
மைக் செட்டும் என் பொறுப்பு.
அன்றைக்கு வரிசை வரிசையாக நடந்து
பேசக் கேட்டவர் வாய்க்கு நீட்டும் வேலை.

ரெமிஜியுஸ் சாமி எழுந்தார்.
கையில் ஆயரின் சுற்றறிக்கை, ஆறு பக்கம்.
"நோயாளி வாடிக்கையாளர் அல்ல" என்றார்.
"வலியை ஏலம் விடாதீர்கள்" என்றார்.
ஏலம் என்றதும் மண்டபம் நிமிர்ந்தது,
கரையில் தினமும் அதைக் கேட்டு
விலை இறங்கி வீடு திரும்புகிறவர்கள் நாங்கள்.
கைதட்டலில் ஆம்ப்ளிஃபயர் கிறீச்சிட்டது.

அப்புறம் சின்னப்பாலம் மிக்கேலம்மா கை தூக்கினாள்.
பாசி எடுக்கிற கை,
விரல் நுனியெல்லாம் துணி சுற்றியிருந்தது.
மைக்கை டார்ச் மாதிரிப் பிடித்தாள்.

"நல்லாச் சொன்னீங்க சாமி.
எம் மருமக பனிக்குடம் ஒடஞ்சு நின்னப்ப
நம்ம மிஷன் ஆஸ்பத்திரியில
முன்பணம் எட்டாயிரம் கட்டச் சொன்னாங்க.
சிஸ்டர் கையப் புடிச்சு செபம் சொன்னாங்க, அதுவும் நெசம்.
ரசீது போடத்தான் நேரமாயிருச்சு.
ரசீது இன்னும் இருக்கு."

என்ன ஆயிற்று என்று அவள் சொல்லவில்லை.
யாரும் கேட்கவில்லை.

மேடையில் ஒருவர் லேசாகச் சிரித்து
பேனா மூடியைக் கழற்றினார்.

"நீங்க எழுதிக்காதீங்க ஐயா.
இது எங்க வீட்டுச் சண்டை.
ஒங்க ஆஸ்பத்திரியில ரத்தம் பாக்குற மிஷினு
போன பெருநாள்லேர்ந்து பூட்டிக் கெடக்கு.
அதையும் கம்பெனிக்குக் குடுத்தா எங்க போவோம்?
சாமி சொன்னதத்தான் நானும் சொல்றேன்.
எந்த வாயால சொல்றோம்னுதான்
கேக்குறேன்."

மைக் திரும்பி வந்தது, ஈரமாக, உப்பு வாசத்தோடு.
அடுத்து யாரிடம் நீட்டுவதென்று தெரியவில்லை.
சாமி சுற்றறிக்கையை மடித்தார்.
ஆறு பக்கமும் ஒன்றாக மடியவில்லை.

அன்றிரவு என்னை அனுப்பி
மிஷன் ஆஸ்பத்திரிக் கணக்கு நோட்டை வாங்கி வரச் சொன்னார்.
மதர் கொடுத்தார், கூடவே
ஜெனரேட்டர் டீசல் பில்லும் மதுரை டாக்டரின் சம்பளச் சீட்டும்.
"இதையும் வாசிக்கச் சொல்லு."

கச்சான் காற்று கதவை அடித்துக்கொண்டே இருந்தது.
நான் படுக்கும்போதும் சாமி அறையில் விளக்கு.

ஞாயிறு.
நற்செய்தி முடித்துப் புத்தகத்தை மூடினார்,
பிரசங்கத் தாள் எதுவும் எடுக்கவில்லை.
குமிழில் விரல் வைத்து நான் நிற்கிறேன்,
கூட்டுவதா குறைப்பதா.

தூணோரத்தில் மிக்கேலம்மா,
முக்காட்டை ஒரு காதுக்கு மட்டும்
ஒதுக்கிவிட்டு.