செவ்வாய், இரவு ஒன்பதரை

ஸ்டெரிலைசர் மேல் சாய்த்து வைத்த கைப்பேசி
என் முகத்துக்குப் பதில்
கூரை விசிறியைக் காட்டியது.
இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஐந்து சதுரங்கள்.
பொங்கோலில் ஒருத்தி, ஈசூனில் ஒருத்தி.
ரமீஜா காருக்குள் உட்கார்ந்து பேசுவாள்.
வீட்டில் சுவருக்கு மட்டுமா காது, மாமியாருக்கும்தான்.
அடுக்குமாடிக் கார் நிறுத்தத்தின் ஐந்தாம் தளம்
அவளுக்கு வாய்த்த தனியறை.

நடத்துகிறவள் எஸ்தர் நளாயினி.
முதல் நாளே சொல்லிவிட்டாள்:
"நான் டாக்டர் இல்லீங்க.
துவாஸ்ல ஒரு கிடங்குல சரக்குக் கணக்கு எழுதுறேன்.
பையனுக்கு இப்ப ஏழு வயசு.
அவனோட முதல் எட்டு மாசம்
எனக்கு ஞாபகமே இல்ல."
சொல்லிக்கொண்டே மாம்பழம் நறுக்கினாள்.

ஐந்து வாரம் நான் வாய் திறக்கவில்லை.
நாற்பது நாள் பத்தியம், சுறாப்புட்டு,
தேக்காவில் தேடி வாங்கிய பிரசவ லேகியம்,
எல்லாம் முறைப்படி நடந்தது.
மகாலட்சுமி பிறந்திருக்கா என்று
வந்தவர்கள் உறையில் பணம் வைத்துக் கொடுத்தார்கள்.
நான் சிரித்த படங்கள் இருக்கின்றன.
அதில் சிரிப்பவளை எனக்கு அறிமுகமில்லை.

ஒரு செவ்வாய்
பொங்கோல்காரியின் குழந்தை
ஒலிபெருக்கி கிழிய வீறிட்டது.
இங்கே புக்கிட் பாத்தோக்கில்
என் சட்டை நனைந்தது.
தொட்டிலில் என்னுடையது அழும்போதெல்லாம்
மரக்கட்டையாய் நின்ற உடம்பு
தீவின் மறுகோடியில்
முகம் தெரியாத பிள்ளைக்குச் சுரந்துவிட்டது.
வெட்கத்தோடு துணி தேடிப் போனேன்.

திரும்பி வந்தபோது ரமீஜா கேட்டாள்:
"தமயந்தி, உங்க ஃபேன் இன்னிக்கு
ரொம்ப மெதுவா ஓடுதே.
போன வாரம் மூணுல இருந்துச்சு."

ஐந்து வாரமாய் என் விசிறியைப்
பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

அப்போதுதான் சொன்னேன்.
பன்னிரண்டாம் மாடி என்பதை.
சன்னல் கம்பிக்கதவைப் பூட்டி
சாவியை மகிழன் கையில் கொடுத்ததை.
கொசு வருது என்று காரணம் சொன்னதை.
கொசு இல்லை என்பதை.

யாரும் ஐயோ என்று பதறவில்லை.
பிள்ளை முகத்தைப் பார்த்தா எல்லாம் மறந்துபோகும்
என்று ஒருத்தியும் சொல்லவில்லை.
நளாயினி கத்தியைக் கீழே வைத்தாள்.
"சாவி இப்ப யார்கிட்ட?"
"அவர்கிட்டதான்."
"ஏன்னு அவருக்குத் தெரியுமா?"
தெரியாது.
"இன்னிக்கே சொல்லலாமா? நான் லைன்ல இருக்கேன்.
காலையில டாக்டர்கிட்ட சேர்ந்தே பேசுவோம்."

பத்தரைக்கு முடியவேண்டிய கூட்டம்.
பொங்கோல்காரி ஒருக்களித்துப் பால் கொடுத்தபடியே
தூங்கிப்போனாள்.
ரமீஜாவின் காரில் விளக்கு தானாக அணைந்தது,
இருட்டிலிருந்து அவள் மூச்சு மட்டும் கேட்டது.
துணிக்கூடையோடு வந்த மகிழனின் நெற்றி
திரையின் ஓரத்தில் தெரிந்ததாம்,
பிறகு அது
நெடுநேரம் அசையவில்லையாம்.

மாத்திரை சாப்பிடுகிறேன்.
மகளோடு இப்போதுதான் பழகி வருகிறேன்,
புதிதாய்ச் சேர்ந்த அலுவலகத்தில்
பக்கத்து மேசைக்காரியோடு பழகுவதுபோல.
சில நாள் அவளைப் பிடிக்கிறது.
நேற்று என் மூக்கைப் பிடித்து இழுத்தாள்,
வலித்தது, விடச் சொல்லவில்லை.
சாவியை இன்னும் திருப்பிக் கேட்கவில்லை.

போன வாரம் புதிதாய் ஒரு சதுரம்.
பெயர் இல்லை, பேச்சு இல்லை.
குளியலறைக் கதவின் கொக்கி,
அதில் ஒரு பச்சைத் துண்டு.
ஒரு மணி நேரமும்
அந்தத் துண்டைப் பார்த்தபடி இருந்தேன்.
நுனியில் ஈரம்.
இடது மூலையில் நூல் பிரிந்திருக்கிறது.

வருகிற செவ்வாயும் பார்ப்பேன்.