உலோகம் உண்டு

புல்லுமலைத் தேக்கந்தோட்டத்தில்
எனக்குத் தந்த வேலை எண்ணுவது.
மஞ்சள் வளையம் போட்டால் விழும்,
போடாவிட்டால் நிற்கும்.
நெஞ்சு மட்டத்தில் நாடா சுற்றி
அங்குலத்தைச் சொல்வேன்.
பேரின்பம் அண்ணன் கொப்பியில் எழுதுவார்.

இருநூற்றுப் பதின்மூன்று. நாற்பத்தெட்டு. வெட்டலாம்.
இருநூற்றுப் பதினாலு. ஐம்பத்தொன்று. வெட்டலாம்.

அசெம்பிளிப் பிள்ளைகள் மாதிரி
தேக்கு வரிசையில் நிற்கும்.
இலையொன்று அப்பளம்போல் நொறுங்கும்,
மறுகா ஒன்றுமில்லை.
தின்ன என்ன இருக்கென்று கேட்க
ஒரு குருவி இறங்காது.

மூன்றாம் பிளாக் அப்படியில்லை.
அங்கே ஷெல் விழுந்தது.

ஓட்டமாவடி மில்லில் மீராமுகைதீன் நாநா
ஒவ்வொரு குத்தியையும் கருவியால் தடவுவார்.
கீச்சிட்டால் லொறியில் திரும்பவும் ஏற்றுவார்.
"தங்கச்சி, தொண்ணூறில விழுந்த இரும்பு
போன கிழமை எண்ட வாளை முறிச்சுப் போட்டுது."
அன்றிலிருந்து படிவத்தில் ஒரு கட்டம்:
உலோகம் உண்டா? உண்டெனில் விடுக.

விட்டதெல்லாம் கிழடாயிற்று.
சன்னம் கிழித்த வாயால் மழை உள்ளே போனது,
பூஞ்சணம் போனது,
வண்டுக்குப் பின்னால் மரங்கொத்தி வந்து
வாசலை அகட்டி வைத்தது.
இப்போது ஆந்தை, மரநாய், தேன்பூச்சி,
பெயர் தெரியாத பல்லி ஒன்று.
அடையாள அட்டை கேட்க ஆளில்லாத இடத்துக்கு
எல்லாரும் வந்துவிட்டார்கள்.

அண்ணனின் முழங்காலிலும் ஒரு துண்டு இருக்கிறது.
அதை எழுதக் கட்டம் இல்லை.

இருநூற்று நாற்பது தேக்கில்லை, பாலை.
நட்டவர்கள் வெட்ட மறந்த மரம்.
உச்சி பட்டுப்போய்,
விறகு ஏலத்துக்குச் சரியான உருப்படி.
பெயின்ற் பிரஷ்ஷை நனைத்துவிட்டேன்.
மேலே பொந்து. பொந்தை மண்ணால் பூசியிருந்தது.
யார் பூசியது என்று அண்ணாந்தபோது
விரல் நுழையாத வெடிப்புக்குள்
ஒரு சொண்டின் நுனி
வெளியே வந்து, பார்த்து, உள்ளே போனது.

பக்கத்துத் தேக்கில் ஆண் இருவாய்ச்சி.
வாயில் ஒரு பாலைப்பழம்.
விழுங்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை.
நாங்கள் போவதற்காக நின்றது.

ரத்னசிறி மாத்தயா போனில் கேட்டார்,
பாலைக்கு என்ன போட்டது என்று.
வெள்ளிக்கிழமை லொறி வரும்.
குஞ்சுக்கு வெள்ளிக்கிழமை தெரியாது.

"உலோகம் உண்டு" என்றேன்.

அண்ணன் மரத்தை ஒருமுறை சுற்றி வந்தார்.
பட்டையில் ஒரு தழும்பும் இல்லை.
என்னைப் பார்த்தார்.
முழங்காலைத் தடவிக்கொண்டு எழுதினார்.
எழுத்து வழக்கத்தைவிட வடிவாயிருந்தது.

முப்பது யார் தள்ளிப் போனபின்
ஈரச் சாக்கை உதறியதுபோல் செட்டைச் சத்தம்.
திரும்பிப் பார்க்கவில்லை.
பிரஷ்ஷிலிருந்து சொட்டிய மஞ்சள்
என் சப்பாத்தில் காய்ந்திருந்தது.

இருநூற்று நாற்பத்தொன்று. நாற்பத்தாறு.

அண்ணன் பேனையோடு
மிச்சச் சொல்லுக்குக் காத்து நின்றார்.