ஏழாம் குழி

ஆடிக் காற்றில் முற்றத்தில் வைத்து எதையும் கழற்ற முடியாது.
போன வருசம் ஒரு வாஷரைத் தேடி
முருங்கை மூடு வரைக்கும் போனேன்.
அதனால் கார்புரேட்டரை மட்டும் பிடுங்கி
அடுப்பங்கரைக்குக் கொண்டு வந்துவிட்டேன்,
இரண்டு கையிலும் ஏந்தி,
பெட்ரோல் சொட்டச் சொட்ட.

சிலிண்டரை மூடினேன். ஜன்னலைத் திறந்தேன்.
ஞானதிரவியம் நிலைப்படியில் நின்று
"சவத்த விடு, காலைல சுயம்பு பட்டறைல
காட்டிக்கிடலாம்" என்றார்.

சுயம்பு வருவதற்கு ஒன்பதரை ஆகும்.
வந்து, டீ குடித்து, சீட்டில் ஒரு தட்டு தட்டி,
என்னைத் தாண்டி இவரிடம் கேட்பான்:
"என்ன சத்தம் வருது அண்ணாச்சி?"
ஓட்டுவது நான்.
பழவூர், ஆவரைகுளம், யாக்கோபுரம் என்று
புதன்தோறும் தடுப்பூசிப் பெட்டியோடு போவது நான்.
சத்தம் எனக்கல்லவா தெரியும்:
மூன்றாம் கியரில், மேடு ஏறும்போது,
கக்குவான் கண்ட பிள்ளை மாதிரி
இழுத்து இழுத்து ஒரு இருமல்.

இட்லித் தட்டை எடுத்தேன். ஏழு குழி.
கழற்றுகிற வரிசையிலேயே போட்டு வந்தால்
மாட்டும்போது குழப்பம் வராது.
முதல் குழியில் அடிக்கிண்ணத்தின் திருகுகள்,
இரண்டில் மிதவையின் கம்பி.
மிதவை குழிக்குள் அடங்கவில்லை,
உப்பு ஜாடி மூடியில் வைத்தேன்.
கிண்ணத்தின் அடியில் செம்மண்.
ராதாபுரம் ரோட்டில் நான் தின்றது போக
மிச்சத்தை வண்டி தின்றிருக்கிறது.

ஜெட் என்பது பித்தளையில் ஒரு துளை,
அவ்வளவுதான்.
விளக்குக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் தெரியணும்.
தெரியவில்லை.
ஊசியை விட்டுக் குத்தக் கூடாது.
துளை ஒரு மயிரளவு அகன்றால் போதும்,
வண்டி பெட்ரோலாகக் குடித்துத் தள்ளும்.
ஊசி எவ்வளவு அகலம் என்று
எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்.

ஊசி மாட்டாத சிரிஞ்சில் இரண்டு மில்லி பெட்ரோலை இழுத்து
ஜெட்டின் வாயோடு ஒட்டிப் பிடித்து
பைய அழுத்தினேன்.
கட்டைவிரலுக்குப் பழகிய அழுத்தம்.
அந்தப் பக்கம் அழுகைதான் இல்லை.
கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை.
பிறகு ஒரு துளி, வியர்த்தது போல.
பிறகு சட்டென்று
நூல் பிடித்தாற்போல் ஒரு பீய்ச்சல்.
பங்குக் காலண்டரில் பதினேழாம் தேதி நனைந்தது.

மாட்டி முடிக்க மணி பதினொன்றரை.
மூன்றாவது மிதியில் எடுத்துக்கொண்டது.
"ஓடுதே!" என்றார்,
வண்டியைப் பார்த்து.

கடுங்காப்பி டம்ளரைத் தட்டிலிருந்து எடுத்தபோதுதான் பார்த்தேன்.
அவராகப் போட்டு, கேட்காமலே கொண்டு வந்து வைத்த காப்பி.
டம்ளருக்கு அடியில் ஏழாம் குழி,
குழியில் ஒரு ஸ்பிரிங்.
சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது.
ஏழரைக்கு ஐஸ் பெட்டி எடுக்கணும்.
பேசாமல் பர்சில் போட்டுக்கொண்டேன்.

மேட்டில் இருமல் இல்லை.
காற்றாலைகளுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு போனது.
நிறுத்தத்தில்தான் தெரிந்தது:
ஆக்சிலேட்டரை விட்டால் உயிரை விடுகிறது.
ஆவரைகுளத்தில் நின்றது. யாக்கோபுரத்திலும் நின்றது.
அங்கே நிற்கத்தானே போனேன், பாதகமில்லை.
ஊசி போட்டு, அரைமணி நேரம் இருந்து,
காய்ச்சல் வந்தால் என்ன செய்யணும் என்று சொல்லி,
சேலையை இழுத்துச் செருகி ஒரு மிதி.

காவல்கிணறு திருப்பத்தில்
லாரிக்கு வழிவிட்டபோது மறுபடி நின்றது.
எதிரே சுயம்பு, டயர் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு.
காதைச் சாய்த்து மூன்று மிதி கேட்டான்.
"யாரு கை வச்சா?"
"நான்தான்."
இவரைத் தேடிப் பின்னால் பார்த்தான். இவர் இல்லை.
"ஸ்பிரிங்கு ஒண்ணு மிஞ்சிச்சா சிஸ்டர்?"
பர்சைத் திறந்து காட்டினேன்.
"தொலச்சிராதீக. அது தனியாக் கிடைக்காது."
டயரை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டான்.

ராத்திரி மறுபடி திறக்கணும்.
அதற்கு முன்னால் தட்டை
மூன்று தடவை சாம்பல் போட்டுத் தேய்த்து
இட்லி ஊற்றினேன்.
ஞானதிரவியம் இரண்டாவது இட்லியைப் பிட்டு
மூக்கருகே கொண்டுபோனார்.
ஒன்றும் சொல்லவில்லை.
சட்னியைக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றிக்கொண்டார்.