மீளழைப்பு

காலை எட்டு நாற்பதுக்கு ஒரு மின்னஞ்சல்:
தங்கள் பெயரில் இரவலாகவுள்ள நூலை
வேறொரு வாசகர் வேண்டியுள்ளார்.
ஏழு நாட்களுக்குள் ஒப்படைக்கவும்.

என் பெயரில் எந்த நூல்?

விரிவுரையாளருக்குப் பத்து நூல்,
ஒரு செமஸ்டர் முழுதும்.
தொலைபேசியில் சொன்னாலே தவணை நீளும்.
இங்கில்லாத கட்டுரையைப் பேராதனையில் கேட்டு
நாலாம் நாள் மேசைக்கு அனுப்பிவைப்பார்கள்.
மாணவருக்கு இரண்டு நூல், பதினாலு நாள்,
பிந்தினால் தண்டம்.
நானும் இதே வந்தாறுமூலையில்
பஸ் காசைத் தண்டமாய்க் கட்டிவிட்டு
செங்கலடிச் சந்திவரை வெயிலில் நடந்தவன்தான்.
அதை மறக்க
பத்து நூல் போதுமாயிருந்தது.

அலுமாரியில் இல்லை. வீட்டில் இல்லை.
கணினித் திரைக்குக் கீழே இருந்தது.
கொரோனா நாட்களில்
என் முகம் வகுப்புக்கு நேராகத் தெரிய
தடித்ததாக ஏதோ ஒன்று தேவைப்பட்டது.
உவர்மண் பற்றிய அறுநூறு பக்கம்
அளவாக அமைந்தது.
உருவினேன்.
திரை தாழ்ந்தது.
அன்று முழுக்கக் குனிந்துகொண்டே வேலை செய்தேன்.

பின்னட்டையில் பழைய திகதித் தாள்.
ஊதா முத்திரைகள் ஒன்றன்கீழ் ஒன்றாய் வந்து
ஓரிடத்தில் நின்று
நாலு வருடம் கழித்துக் கறுப்பு மையில் தொடங்குகின்றன.
அந்த இடைவெளிக்கு
யாரும் தண்டம் கேட்டதாய்த் தெரியவில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
களப்போர மண்ணின் உப்புக் கணக்கு.
ஓர் எண்ணின் பக்கத்தில்
பென்சிலால் நான் எப்போதோ எழுதியது:
'இவ்வளவா?'
அழிக்க ரப்பர் தேடினேன்.
அதுவும் இல்லை.

குகதர்சினி நூலை வாங்கி
அட்டையிலிருந்த திரையின் காலடித் தடத்தைத் துடைத்தார்.
"யார் கேட்டது?"
"சொல்லக்கூடா சேர். உங்கட பேரையும்
அவங்களுக்கு நாங்க சொல்லேல்ல."
"தண்டம் எவ்வளவு?"
"உங்களுக்குத் தண்டம் இல்ல."
"பரவாயில்லை, கட்டுறன்."
அவர் திரையை என் பக்கம் திருப்பினார்.
"போடுறதுக்கு இதில பெட்டியே இல்ல சேர்,
பாருங்க."

அடுத்த விரிவுரையில் எண்பத்தேழு முகங்கள்.
முன்வரிசையில் எழுதிக்கொண்டிருப்பவரா,
யன்னலோரம் கச்சான் காற்றுக்குக்
கொப்பியைக் கையால் அமர்த்திக்கொண்டிருப்பவரா,
இன்றைக்கு வராதவரா.
உப்பைப் பற்றிச் சொல்லும்போது
யாராவது நிமிர்கிறார்களா என்று பார்த்தேன்.
எல்லோரும் நிமிர்ந்தார்கள்.
பரீட்சைக்கு வரும் என்று
வாய்தவறிச் சொல்லியிருந்தேன்.

பிறகு எனக்கே அந்த நூல் வேண்டியிருந்தது.
"மூன்றாவது இடத்தில இருக்கிறீங்க,"
குகதர்சினி சொன்னார்.
"முன்னுக்குப் போடட்டா? ஆசிரியர்மாருக்குப் போடலாம்."
போடச் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது.
"வேணாம், வரட்டும்."
இதைப் பெருந்தன்மை என்று எழுதினால்
பொய்.
எனக்கு அவசரமும் இல்லை.

மாசி முடிவில் வந்தது.
இப்போது அது திறந்ததும்
இருநூற்றுப் பன்னிரண்டிலேயே விழுகிறது.
என் கேள்விக்கு அடியில்
இன்னொரு பென்சில், சிறிய, சரிந்த எழுத்து:
'ஓம், இவ்வளவுதான். சித்திரையில அளந்து பாருங்க.
கதிரவெளிப் பக்கம், எங்கட வட்டையில
இதவிடக் கூட.'

நூலில் எழுதுவது குற்றம்.
கண்டவர் நூலகத்துக்கு அறிவிக்கவேண்டும்.
அறிவித்தால்
முதலில் எழுதியது யார் என்று கேட்பார்கள்.

ஆய்வுகூடத்தில் உப்புமானியைக் கேட்டு
படிவம் நிரப்பினேன்.
தேவைப்படும் மாதம்: சித்திரை.
நோக்கம் என்ற கோட்டில்
வெகுநேரம் பேனையை வைத்திருந்தேன்.